தளர்த்துவதும் தளர்வதும்

1

"ரிலாக்ஸ் பண்ணுங்க மேடம். முதுகை அப்படியே லூசா விடுங்க."

எங்கள் தெருவில் ஒரு மொட்டைமாடியில் காலை ஆறு மணிக்கு யோகா வகுப்பு நடக்கும். அங்கே இந்த வாக்கியத்தை நாற்பது நாள் கேட்டேன். கேட்கும்போதெல்லாம் என் தோள்பட்டை காதை நோக்கி ஏறும். பல் இறுகும். லூசாக விடுவது ஒரு வேலையாகி, அந்த வேலையை ஒழுங்காகச் செய்கிறேனா என்ற பதற்றம் அதன்மேல் வந்து உட்காரும். ஆசிரியர் அக்கறையானவர், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை அந்த வாக்கியத்தில்தான் இருக்கிறது என்று மெதுவாகத் தோன்ற ஆரம்பித்தது. தூங்கு தூங்கு என்று அதட்டினால் எந்தக் குழந்தை தூங்கும்?

வீட்டில் இன்னொரு முதுகு இருந்தது. அம்மா 31 வருஷமாகத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவள். ரவிக்கை தைப்பதில் அவளை மிஞ்ச எங்கள் ஏரியாவில் ஆள் கிடையாது. தீபாவளிக்கு முந்தின இரண்டு வாரம் ராத்திரி ஒரு மணி வரை மெஷின் ஓடும். போன ஐப்பசியில், கீழே விழுந்த பாபினை எடுக்கக் குனிந்தவள் நிமிர முடியாமல் மெஷின் பலகைமேல் அப்படியே கவிழ்ந்துவிட்டாள். எலும்பு மருத்துவர் ஒருவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்: "தேய்மானம்."

அந்த ஒரு வார்த்தை அம்மாவின் நடையையே மாற்றிவிட்டது. உள்ளே ஏதோ சாக்குக்கட்டி தேய்ந்துகொண்டே வருவதுபோல ஒவ்வொரு அடியையும் சிக்கனமாக வைக்க ஆரம்பித்தாள். குனிவதில்லை, திரும்புவதில்லை, பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்குவதில்லை. 2015-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, வலியே இல்லாதவர்களின் முதுகு ஸ்கேன்களை எடுத்துப் பார்த்தது. இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு முதுகெலும்புத் தட்டுகளில் தேய்மானம் தெரிந்தது. எண்பது வயதில் அது 96 சதவீதம். தலை நரைப்பதுபோல முதுகுக்குள்ளும் ஏதோ நரைக்கிறது, அவ்வளவுதான். ஆனால் நரைக்கு யாரும் தேய்மானம் என்று பெயர் வைப்பதில்லை. அம்மாவின் முதுகை இறுக்கியதில் மெஷினுக்குப் பாதிப் பங்கு என்றால், அந்தச் சொல்லுக்கு மீதிப் பங்கு இருக்கும்.

நான் வாசகி. எந்தக் கஷ்டம் வந்தாலும் முதலில் புத்தகம் தேடுகிற ஜாதி. முதுகை மெதுவாக இளக வைக்கும் யோகாவைப் பற்றி யார் நன்றாக எழுதியிருக்கிறார்கள் என்று தேடினேன். மூன்று புத்தகங்கள் நின்றன. பி.கே.எஸ். ஐயங்காரின் 'லைட் ஆன் யோகா' (1966), வாண்டா ஸ்காரவெல்லியின் 'அவேக்கனிங் தி ஸ்பைன்' (1991), டி.கே.வி. தேசிகாச்சாரின் 'தி ஹார்ட் ஆஃப் யோகா' (1995). மூன்றும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் கழித்து, கோரைப்பாயில் அம்மாவைப் படுக்கவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொல்லச் சொல்ல அவள் செய்து பார்ப்பாள். ஒரு புத்தகத்தை விமர்சிக்க இதைவிடக் கறாரான வழி எனக்குத் தெரியாது. வாக்கியம் பொய் சொன்னால் அம்மாவின் இடுப்பு உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

2

முதல் ராத்திரியே மாட்டிக்கொண்டேன். ஆங்கிலத்தில் ரிலாக்ஸ், ரிலீஸ், ஸ்ட்ரெச் என்று வரும் சொற்களுக்கு ஒரே உருவம்தான். நானாகத் தளர்ந்தாலும் அதுதான், முதுகைப் பிடித்துத் தளர்த்தினாலும் அதுதான். தமிழ் அப்படி மழுப்ப விடாது. ஏழாம் வகுப்பில் படித்த தன்வினை, பிறவினை ஞாபகம் இருக்கிறதா? உருண்டான், உருட்டினான். திருந்தினான், திருத்தினான். அதே கணக்கில் தளர், தளர்த்து. நிமிர், நிமிர்த்து. இளகு, இளக்கு. ஆங்கிலத்தில் சௌகரியமாக மறைந்துகிடந்த ஒரு கேள்வியைத் தமிழ் ஒவ்வொரு வரியிலும் கேட்டது: செய்வது யார்? நீயா, உன் முதுகா?

இதில் நம் மொழிக்குச் சொந்தமான ஒரு சிக்கலும் உண்டு. தமிழில் முதுகு வெறும் உடலுறுப்பாக இருந்த காலம் குறைவு. புறநானூற்றில் ஒரு தாய், தன் மகன் முதுகு காட்டி மாண்டானா என்று பார்க்கப் போர்க்களத்துக்கே போகிறாள். வெண்ணிப் போரில் கரிகாலனின் ஆயுதம் மார்பைத் துளைத்து முதுகில் புண்ணாகிவிட்டதற்காக, பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உயிர் விடுகிறான். புறப்புண் என்பது மருத்துவச் சொல்லாக இல்லை, மானம் சம்பந்தப்பட்ட சொல்லாக இருந்தது. பிறகு வந்த அரசியலும் அதே முதுகைத்தான் எடுத்துக்கொண்டது. முதுகெலும்பு இல்லாதவன், கூழைக்கும்பிடு, நிமிர்ந்து நில். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. ஆண்டையின் முன்னால் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக் குனிந்து நிற்கவைக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு நிமிர்தல் போராடி வாங்கிய உரிமை. அந்தச் சொல்லைக் காற்றில் விடச் சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஆனால் இதனால் நம்மிடம் முதுகுக்கு இரண்டே நிலைகள் மிஞ்சிவிட்டன. நிமிர்ந்தது, குனிந்தது. ஒன்று மானம், மற்றது அவமானம். மூன்றாவதாக ஒரு நிலை, சும்மா இருக்கும் முதுகு, அதற்கு எழுத்துத் தமிழில் நல்ல பெயர் இல்லை. தளர்ச்சி என்றால் பலவீனம். தளர்ந்த வயது. மனம் தளராதே. கொரோனா காலத்தில் 'தளர்வுகளுடன் கூடிய ஊரடங்கு' என்று அரசு அறிவித்தபோது அந்தச் சொல்லுக்குக் கொஞ்சம் நல்ல காலம் வந்தது. அப்போதும் அது மேலே இருந்து யாரோ தருவதாகத்தான் இருந்தது.

பேச்சுத் தமிழ் பரவாயில்லை. அக்கடான்னு சாய். கட்டையைக் கொஞ்சம் கீழ போடறேன். படுத்ததும் தன்னால் வெளிவரும் அந்த 'அப்பாடா'. கவனித்துப் பாருங்கள், அப்பாடா என்பது சொல்லே இல்லை, நீளமாக விட்ட ஒரு மூச்சு.

உடற்கூறோ நம் மானத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. நிமிர்ந்து நிற்கும் மனிதனின் முதுகெலும்பு எந்தக் காலத்திலும் நேராக இருந்ததில்லை. கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே ஒட்டிப்போன 5, வாலடியில் பொதுவாக 4 என்று 33 எலும்புகள், முன்னும் பின்னுமாக நான்கு வளைவுகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த வளைவுகள்தான் வில்தகடு மாதிரி எடையை வாங்கிக்கொள்கின்றன. இடையில் இருக்கும் தட்டுகள் ராத்திரி படுத்திருக்கும்போது நீரை உறிஞ்சி உப்புகின்றன. அதனால் காலையில் நாம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயரமாக எழுந்திருக்கிறோம், சாயங்காலத்துக்குள் அதைச் செலவழித்துவிடுகிறோம். முதுகுக்கு இளைப்பாறல் எப்படி நடக்கிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டாம். யாரும் செய்வதில்லை. படுத்தால் நடக்கிறது.

3

'லைட் ஆன் யோகா' பெரிய புத்தகம். 200 ஆசனங்கள், ஏறத்தாழ 600 படங்கள், ஒவ்வொரு ஆசனத்துக்கும் கடினத்தைக் காட்டும் ஒரு எண், கடைசியில் 300 வாரங்களுக்கான பாடத்திட்டம், எந்த நோய்க்கு எந்த ஆசனம் என்ற பட்டியல். ஒரு பாட்டனின் கறார். சிறு வயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று வரிசையாகப் பட்டு எழுந்த ஒருவர், தன் உடம்பை ஒரு சோதனைச்சாலையாக்கி எழுதியது. அந்த உழைப்பு ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது.

தாடாசனத்தில் ஆரம்பித்தேன். சும்மா நிற்கும் ஆசனம். முட்டிச்சில்லை மேலே இழுக்க வேண்டும், தொடையின் பின்தசையை இறுக்க வேண்டும், வயிறு உள்ளே, நெஞ்சு முன்னே, முதுகெலும்பு மேல்நோக்கி. சொல்லி முடிப்பதற்குள் அம்மா கேட்டாள்: "நிக்கிறதுக்கே இவ்ளோ வேலையாடி?"

அது நியாயமான விமர்சனம். ஐயங்காரின் உரைநடை முழுக்கப் பிறவினை. இழு, இறுக்கு, நீட்டு, அழுத்து, திருப்பு. செய்கிறவர் நீங்கள், செய்யப்படுவது உங்கள் உடம்பு. ஒரு நல்ல மேஸ்திரி சாரம் கட்டச் சொல்வதைப்போல, எது எங்கே போகும் என்பதில் சந்தேகமே வராது. சோம்பிக் கிடக்கும் உடம்புக்கு இது மருந்தாகலாம். ஏற்கெனவே இறுகிக் கிடக்கும் உடம்புக்கு? அம்மா 31 வருஷமாகத் தன் முதுகுக்குக் கட்டளை போட்டுக்கொண்டிருப்பவள். இன்னும் ஒரு ரவிக்கை, இன்னும் ஒரு கொக்கி. அவளுக்கு இன்னொரு மேஸ்திரி தேவையில்லை.

இருந்தாலும் அந்தப் புத்தகத்தை மூடிவைத்துவிடக் கூடாது. ஆசனங்களின் கடைசியில் சவாசனம் வருகிறது. அங்கே ஐயங்காரின் வினைச்சொற்கள் தடுமாறுகின்றன. தாடை தொங்க வேண்டும் என்கிறார், தொங்கவிடு என்று சொல்வதில்லை. நாக்கு கலையாமல் இருக்க வேண்டும், கண்ணின் பாவைகூடச் செயலற்றுக் கிடக்க வேண்டும். அவ்வளவு பக்கங்கள் கட்டளையிட்ட குரல் திடீரென்று தன்வினைக்கு மாறி, விலகி நிற்கிறது. பார்க்க எளிதாக இருக்கும் இந்த ஆசனம்தான் கைவரக் கடினமானது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். பிறவினையின் எல்லையை அவர் தெரிந்துவைத்திருந்தார் என்றே அதை வாசிக்கிறேன்.

அவர் மேற்கில் புகழ்பெற்ற கதையும் இங்கே பொருந்தும். 1952-இல் பம்பாயில் வயலின் மேதை யெஹூதி மெனுஹின் களைத்துப்போய் அவருக்கு ஐந்தே நிமிடம் ஒதுக்கினார். ஐயங்கார் அவரைப் படுக்கவைத்தார். மெனுஹின் ஒரு மணி நேரம் தூங்கி எழுந்தார் என்று சொல்வார்கள். பின்னால் இந்தப் புத்தகத்துக்கு முன்னுரை எழுதியது அதே மெனுஹின்தான். 600 படங்களுக்கும் பின்னால் இருப்பது ஒரு தூக்கம். ஐயங்கார் பிற்காலத்தில் நாற்காலி, கயிறு, திண்டு என்று சாமான்களைக் கொண்டுவந்ததும் இதே தேடல்தான் என்று படுகிறது. வாக்கியத்தால் முடியாததைத் திண்டு செய்துவிடும். திண்டு உத்தரவு போடாது. சாய இடம் கொடுக்கும், அவ்வளவுதான்.

4

தேசிகாச்சார் கதை நம் ஊர்க் கதை. அவருடைய அப்பா திருமலை கிருஷ்ணமாச்சாரியார், ஐயங்காரின் குரு, அக்காவின் கணவரும்கூட. 1930-களில் மைசூர் அரண்மனையின் ஆதரவில் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தபோது அவருடைய யோகா வேகமானது, தாவுவதும் குதிப்பதுமாக இருந்தது. 1950-களில் சென்னைக்கு வந்தார். இங்கே அவர் முன்னால் வந்து உட்கார்ந்தவர்கள் வேறு ஆட்கள். நோயாளிகள், வயதானவர்கள், அலுவலகம் போகிறவர்கள். அவருடைய யோகா மெதுவானது, ஆளுக்கு ஒன்றாக மாறியது. கறாரான குரு என்று பெயரெடுத்த ஒருவரை, எதிரில் உட்கார்ந்த வலிக்கிற முதுகுகள் மாற்றின. மருத்துவ யோகா என்று இன்று உலகம் சொல்வதில் பெரும்பகுதி இந்தச் சென்னை ஆண்டுகளிலிருந்து போனது.

மகன் இன்ஜினியரிங் படித்துவிட்டு வேலைக்குப் போகத் தயாராக இருந்தவர். நியூசிலாந்திலிருந்து வந்த ஒரு பெண்மணி, வருஷக்கணக்கில் தூக்கமில்லாமல் தவித்தவர், மாத்திரை இல்லாமல் தூங்கிய மறுநாள் காலையில் ஓடிவந்து ஆசாரமான கிருஷ்ணமாச்சாரியாரைக் கட்டிக்கொண்டதைப் பார்த்துத்தான் அவர் அப்பாவிடம் மாணவராகச் சேர்ந்தார். மறுபடியும் ஒரு தூக்கம். 1976-இல் அப்பா பேரில் சென்னையில் கிருஷ்ணமாச்சாரியார் யோக மந்திரத்தைத் தொடங்கினார்.

'தி ஹார்ட் ஆஃப் யோகா' உரைநடையாகப் பார்த்தால் மூன்றில் அடக்கமானது. வகுப்பில் பேசியது எழுத்தானதால் பேச்சின் பொறுமை அதில் இருக்கிறது. சில இடங்களில் அலுக்கவும் செய்கிறது. சூத்திர விளக்கத்தில் ஒரே கருத்து சுற்றிச் சுற்றி வரும். ஆனால் ஆசனத்தைச் சொல்லும்போது இந்தப் புத்தகத்தின் இலக்கணமே வேறு. ஆள் ஆசனத்துக்குப் பொருந்த வேண்டியதில்லை, ஆசனம் ஆளுக்குப் பொருந்த வேண்டும் என்பது அதன் அடிப்படை. முட்டி மடங்குகிறதா, மடங்கட்டும். கை முழுசாகப் போகவில்லையா, போகும் வரை போதும். கட்டளையாக வரவேண்டிய இடத்தில் நிபந்தனை வருகிறது. பதஞ்சலியிடமிருந்து அவர் திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்ளும் இரண்டு சொற்கள் ஸ்திரம், சுகம். உறுதி இருந்து சுகம் இல்லாவிட்டால் அது ஆசனமே இல்லை.

அம்மாவுக்கு முதலில் சொன்னது அபானாசனம். மல்லாந்து படுத்து, முட்டிகளைக் கையால் பிடித்து, மூச்சை விடும்போது நெஞ்சை நோக்கி வரவிட்டு, இழுக்கும்போது தள்ளிப் போகவிடுவது. அப்புறம் த்விபாத பீடம். பாதங்களைத் தரையில் ஊன்றி, மூச்சை இழுக்கும்போது இடுப்பை உயர்த்தி, விடும்போது மேலிருந்து கீழாக ஒவ்வொரு எலும்பாகப் பாயில் இறக்குவது. இதில் ஒரு நுட்பம் உண்டு. மூச்சு முதலில் கிளம்ப வேண்டும், பிறகுதான் அசைவு. அசைவு முடிந்த பிறகும் மூச்சு கொஞ்சம் மிச்சம் இருக்க வேண்டும். அதாவது மூச்சு உறை, அசைவு அதற்குள் இருப்பது.

இதை எப்படி மொழிபெயர்ப்பது என்று நான் திணறிக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னாள்: "தையலுக்குத் துணி விட்டு வெட்டறோம்ல, அதானே?"

அதேதான். ரவிக்கை தைக்கிறவர்கள் பக்கவாட்டில் துணி விட்டு இரண்டு மூன்று வரிசை தையல் போடுவார்கள். உடம்பு போட்டால் ஒரு வரிசையைப் பிரித்துவிடலாம். துணி விடாமல் அளவுக்கு ஒட்டி வெட்டிய ரவிக்கை முதல் நாள் கச்சிதமாக இருக்கும், ஆறு மாதத்தில் கிழியும். மூச்சில் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொண்டு அசையும் முதுகுக்கும் அதே லாபம். இறக்கும்போது வலி வருவதற்கு முன்னாலேயே நின்றுவிட இடம் இருக்கிறது. எனக்கு நாற்பது நாள் வகுப்பில் புரியாத விஷயம் அம்மாவுக்கு ஒரு வாக்கியத்தில் புரிந்துவிட்டது.

மூச்சை விடும்போது இதயம் சற்று மெதுவாகத் துடிக்கிறது என்பது உடலியலில் நன்றாகத் தெரிந்த விஷயம். ஆக, மூச்சை நீளமாக விடச் சொல்வது பின்வாசல் வழியாக நுழைவது. தளர் என்று முதுகிடம் சொல்ல முடியாது. ஆனால் மூச்சிடம் கொஞ்சம் நீளமாகப் போ என்று சொல்லலாம், அது கேட்கும். கட்டளைக்குக் கட்டுப்படுகிற ஒன்றிடம் கட்டளையைக் கொடுத்துவிட்டு, கட்டுப்படாததைத் தன்வினையில் விட்டுவிடுவது. தேசிகாச்சாரின் எழுத்து நடையில் நான் கற்றுக்கொண்டது இந்தத் தந்திரத்தைத்தான்.

5

வாண்டா ஸ்காரவெல்லி ஃபிளாரன்ஸ்காரர். 1908-இல் பிறந்தவர். இசைக்கலைஞர்கள் வந்துபோகும் வீட்டில் வளர்ந்து பியானோ கற்றவர். 1960-களில் சுவிட்சர்லாந்தின் க்ஷ்டாடில் ஜே. கிருஷ்ணமூர்த்தி கோடைக்காலங்களில் தங்கிய இல்லத்தைப் பார்த்துக்கொண்டவர். அங்கே ஐயங்கார் வந்து சொல்லிக்கொடுத்தார், பிறகு தேசிகாச்சாரும் வந்தார். இரண்டு பேரிடமும் கற்றபின் தனியாகப் பல வருஷம் தேடி, எண்பது வயதைத் தாண்டியபின் இந்த ஒரு புத்தகத்தை எழுதினார். தன் பெயரில் பள்ளி எதுவும் உருவாவதை அவர் விரும்பவில்லை.

புத்தகத்தின் மையக் கருத்து எளியது. இடுப்புக்குக் கீழே உடம்பு மரத்தின் வேர் மாதிரி தரைக்குப் போகட்டும். போகப் போக, இடுப்புக்கு மேலே உள்ள பாதி தானாக எழும். முதுகெலும்பை நீட்ட வேண்டாம், அது நீளும். தரையின் ஈர்ப்பும் மூச்சும் அந்த வேலையைச் செய்துகொள்ளும். மூன்று புத்தகங்களில் தன்வினையை முழுசாக நம்பியது இதுதான். தமிழில் சொல்லிப் பார்த்தபோது ஆச்சரியமாக இருந்தது. இறங்கும், எழும், திறக்கும், நீளும். மொழிபெயர்க்கவே வேண்டாத மாதிரி வாக்கியங்கள் தாமாக வந்தன.

நம்மிடமும் இதற்கு ஒரு பழைய சொல் கிடக்கிறது. முதுகெலும்புக்கு வீணாதண்டம் என்று யோக மரபில் ஒரு பெயர் உண்டு. வீணையின் தண்டு. அந்தப் படிமத்தில் முதுகு கம்பமாகவோ மானமாகவோ இல்லை, சுருதி சேர்க்க வேண்டிய ஒன்றாக இருக்கிறது. ரொம்ப முறுக்கினாலும் சுருதி போகும், ரொம்பத் தளர்ந்தாலும் போகும். பியானோ வாசித்த பெண்மணிக்கு இந்தச் சொல் தெரிந்திருந்தால் பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் புத்தகம் முழுக்க இந்த உயரத்தில் நிற்பதில்லை. அழகான ஒரு கருத்தைப் பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை மறுபடியும் சொல்கிறது. இடையிடையே வரும் இயற்கைப் படங்களும் கலைப் படங்களும் சில இடங்களில் வாசிப்பை ஆழப்படுத்துகின்றன, சில இடங்களில் வாழ்த்து அட்டை மாதிரி ஆகிவிடுகின்றன. இடுப்பின் ஐந்தாவது எலும்போடு உடம்பு இரண்டாகப் பிரிந்து ஒன்று கீழேயும் ஒன்று மேலேயும் போகிறது என்பதை உடற்கூறாக வாசித்தால் தவறு. அப்படி ஒரு பிரிவு அங்கே இல்லை. படிமமாக வாசித்தால் வேலை செய்கிறது. மூச்சு முதுகெலும்பை அசைக்கிறது என்று அவர் சொல்வது மட்டும் படிமத்தைத் தாண்டி நிற்கிறது. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் பின்பக்க நார்கள் இடுப்பெலும்புகளின் முன்பக்கத்தில்தான் வேர்விட்டிருக்கின்றன. ஒவ்வொரு மூச்சும் அந்த எலும்புகளை உள்ளிருந்து லேசாகத் தொட்டுவிட்டுத்தான் போகிறது. எது படிமம், எது உண்மை என்று புத்தகம் சொல்வதில்லை. நலம் பெற வேண்டி வாசிக்கிறவருக்கு அந்த வித்தியாசம் தேவை.

அம்மாவிடம் சொன்னேன்: "தரை உன்னைத் தாங்குதும்மா. உன் எடையை அதுகிட்ட குடுத்துடு."

"அது என்னைக்குடி தாங்காம இருந்துச்சு? நான்தான் குடுக்கல."

அதற்குப் பிறகு ரொம்ப நேரம் அவள் பேசவில்லை. வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூங்கிவிட்டாள் என்று நினைத்தபோது, கண்ணைத் திறக்காமல், "அந்த மஞ்சப் பட்டு நாளைக்குக் குடுக்கணும்" என்றாள்.

6

இந்த ஒரு வரியைத் தாங்கும் இடம் மூன்று புத்தகங்களிலும் இல்லை.

ஸ்காரவெல்லியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கருத்து ஒன்று: இதற்கு எல்லையில்லாத நேரம் வேண்டும், அடைய வேண்டும் என்ற வேகம் கூடாது. ஃபிளாரன்ஸுக்கு அருகே மலைச்சரிவில் வீடு இருந்தால் அது சரிதான். எங்கள் வீட்டில் பாய் விரிக்க, மெஷினைச் சுவரோரம் தள்ள வேண்டும். ஐயங்காரின் 300 வாரங்கள் கிட்டத்தட்ட ஆறு வருஷம். ஆளுக்கு ஏற்ற ஆசனம் என்ற தேசிகாச்சாரின் மனிதாபிமானம்கூட, ஆளைத் தனியாக எடுத்துப் பார்க்கிறது. அந்த ஆள் எதன் முன்னால் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள், ஒரு ரவிக்கைக்கு எவ்வளவு கூலி என்று அந்தப் பார்வை இறங்கிவருவதில்லை. இடுப்பொடிய வேலை, முதுகு முறிய உழைப்பு என்று நம் ஊர்ப் பேச்சு காரணத்தையும் உறுப்பையும் சேர்த்தே சொல்கிறது. புத்தகங்கள் உறுப்பை வைத்துக்கொண்டு காரணத்தை விட்டுவிட்டன. வலி வந்த இடம் முதுகு என்பதால் வலியின் பொறுப்பும் முதுகுக்காரியுடையது என்று ஆகிவிடுகிறது. இன்ஸ்டாகிராமில் கடற்கரையில் விரித்த பாயைப் பார்க்கும்போது வரும் எரிச்சலுக்கு வேர் இங்கேதான்.

இதைச் சொல்லி, 'யோகா எல்லாம் வசதியானவங்க சமாச்சாரம்' என்று முடித்திருந்தால் கட்டுரை சுலபமாக முடிந்திருக்கும். உண்மை அப்படி இல்லை. 2017-இல் அமெரிக்காவின் பாஸ்டன் பகுதியில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 320 பேரை வைத்து ஒரு சோதனை வெளியானது. பெரும்பாலும் வருமானம் குறைந்த, பல இனத்து மக்கள். ஒரு பகுதியினருக்கு 12 வாரம் மென்மையான யோகா, இன்னொரு பகுதியினருக்கு பிஸியோதெரபி, மூன்றாவது பகுதியினர் கையில் ஒரு புத்தகம். யோகா பிஸியோதெரபிக்குக் குறைந்துபோகவில்லை. புத்தகம் வாங்கியவர்களைவிட மற்ற இரண்டு குழுவிலும் வலி மாத்திரை எடுத்தவர்கள் குறைவு. புத்தக விமர்சனம் எழுதுகிறவளுக்கு இது கொஞ்சம் அடிதான். அதிசயம் என்றும் சொல்வதற்கில்லை. பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, உடற்பயிற்சியே செய்யாதவர்களோடு ஒப்பிட்டால் யோகாவால் சின்ன முன்னேற்றம் இருக்கிறது, மற்ற முதுகுப் பயிற்சிகளோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை என்றுதான் சொல்கிறது. கால் மரத்துப்போனால், சிறுநீர் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் பாயை விட்டு எழுந்து மருத்துவரிடம்தான் ஓட வேண்டும்.

சின்ன முன்னேற்றம். இந்த இரண்டு சொற்களின் அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. மூன்று புத்தகங்களும் இதைவிடப் பெரிதாக ஆசைகாட்டுகின்றன. விடுதலை, சமாதி, விழிப்பு. அம்மாவுக்குத் தேவைப்பட்டது பாபினைக் குனிந்து எடுக்கும் தைரியம்.

ஆறு மாதம் கழித்து அந்த தைரியம் வந்தது. வலி போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் வருகிறது, முகூர்த்த மாதத்தில் வருகிறது. ஆனால் தேய்மானம் என்ற சொல்லை அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள். இப்போது "இடுப்பு பிடிச்சிருக்கு" என்கிறாள். பிடித்தது விடும் என்ற நம்பிக்கை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நாற்காலிக்கு அடியில் இரண்டு பலகை வைத்து உயர்த்தினோம், விளக்கை நகர்த்தினோம். தீபாவளிக்கு வந்த துணியில் கடைசியாக வந்த பதினோரு ரவிக்கைகளைத் திருப்பி அனுப்பியதுதான் இருப்பதிலேயே கடினமான ஆசனம். அதற்கு எந்தப் புத்தகத்திலும் படம் இல்லை. அந்தப் பணத்துக்கு ஈடு என் சம்பளத்திலிருந்து போனது. அதையும் கணக்கில் எழுதாவிட்டால் இந்த விமர்சனம் பொய்யாகிவிடும்.

யார் இந்தப் புத்தகங்களை வாசிக்கலாம் என்று கேட்டால், முதலில் தேசிகாச்சார். ஆசனப் பகுதியை மட்டும் வாசித்தாலும் போதும். அது புரிந்தபின் ஸ்காரவெல்லியை ஒரு கவிதைத் தொகுப்பு மாதிரி பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஐயங்காரில் சவாசனத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வரலாம். எதை வாசித்தாலும் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முடிந்தால் இன்னொருவருக்குச் சொல்லிப் பாருங்கள். தளர்த்து என்று வாயில் வந்தால் நிறுத்தி, தளரட்டும் என்று மாற்றிச் சொல்லுங்கள்.

மொட்டைமாடி வகுப்புக்கு மறுபடியும் போகிறேன். ஆசிரியர் இன்னும் லூசா விடச் சொல்கிறார். நான் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, மூச்சில் கொஞ்சம் துணி விட்டு வெட்டுகிறேன். போன வாரம் அம்மாவும் கூட வந்தாள். முடிந்ததும் எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை. வெயில் ஏற ஆரம்பித்திருந்தது.

"போலாமாம்மா? நேரமாச்சு."

"இருடி. இன்னும் ஒரு தையல் பிரியணும்."